எம்.எஸ். யூனிவர்சிட்டிக்கு எப்படி வருவது? கருத்தரங்கத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு மாணவனாக இருந்த வருஷங்களில், துறையில் கருத்தரங்கம் என்றால் அழைப்பிதழின் அடியில் "தொடர்புக்கு" என்று என் நம்பரைப் போட்டுவிடுவார்கள். கட்டுரையைப் பற்றிக் கேட்டுப் போன் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் கேட்டது வழிதான். அதுவும் விடிகாலை நாலு மணிக்கு, ஏதோ ஒரு விலக்கில் பையோடு நின்றுகொண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பல்கலைக்கழகம் திருநெல்வேலி ஊருக்குள்ளேயே இருக்கிறதா?

இல்லை. தென்காசி ரோட்டில், அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. ரயில் நிலையம் இருக்கும் ஜங்ஷனிலிருந்து மேற்கே சுமார் 12 கிலோமீட்டர். 1990-இல் தொடங்கியது. அஞ்சல் முகவரியில் அபிஷேகப்பட்டி என்றிருந்தாலும், பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொன்னால் ஊர் நிறுத்தத்தில் இறக்கிவிடக்கூடும். "யூனிவர்சிட்டி" என்றே கேளுங்கள். கண்டக்டர், ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அது எம்.எஸ். யூனிவர்சிட்டிதான். முழுப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

ஜங்ஷன், டவுன், பாளை, புது பஸ் ஸ்டாண்டு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே, எது எங்கே இருக்கிறது?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலி ஒரே ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு அது நாலைந்து ஊர். கிழக்கே பாளையங்கோட்டை, சுருக்கமாகப் பாளை. நடுவில் தாமிரபரணி. ஆற்றைத் தாண்டினால் ஜங்ஷன். அங்கிருந்து மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய ஊர், அதுதான் டவுன். அதற்கும் மேற்கே பேட்டை. பேட்டையையும் தாண்டினால்தான் யூனிவர்சிட்டி.

வெளியூர் பஸ்கள் வந்து சேரும் புது பஸ் ஸ்டாண்டு, வேய்ந்தான்குளத்தில், ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே அங்கே இறங்குகிறவர் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். வண்ணார்பேட்டை வந்து, சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைக் கடந்து, ஜங்ஷன் தொட்டு, ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, டவுனுக்குள் போய், வழுக்கோடை தாண்டிப் பேட்டைப் பக்கம் போகும் வழி அது. முதல் பாலம் 1843-இல் திறந்தது. சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. இரண்டாவது 1973. ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். நெரிசல் நேரமாக இருந்தால் நிதானமாகவே பார்க்கலாம், பஸ் அப்படித்தான் நகரும்.

இன்னொரு வில்லங்கம் "டவுன் பஸ்" என்ற சொல். மற்ற ஊர்களில் டவுன் பஸ் என்றால் நகரப் பேருந்து. இங்கேயும் அப்படித்தான். ஆனால் "டவுனுக்குப் போகும் பஸ்" என்பது வேறு, அது நெல்லையப்பர் கோயில் பக்கம் போகிற பஸ். "டவுன் பஸ் பிடித்து வாருங்கள்" என்று நான் ஒருமுறை சொல்லப்போய், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் டவுன் ஆர்ச்சில் இறங்கிக்கொண்டு, "தம்பி, ஆர்ச் தெரியுது, யூனிவர்சிட்டி எங்கே?" என்று கேட்டார். தப்பு அவருடையதில்லை.

எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும்?

ஆலங்குளம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை போகும் பஸ்கள் எல்லாம் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகும். அடிக்கடி உண்டு. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதுதான் விஷயம். சாதாரண பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் நிற்கும். இடைநில்லாப் பஸ் நிற்காது. நடுவில் சில உண்டு, அது கண்டக்டரைப் பொறுத்தது. ஏறும் முன் படியில் நின்றே கேட்டுவிடுங்கள்:

"அண்ணாச்சி, யூனிவர்சிட்டி நிக்குமா?"

"நிக்கும், ஏறுங்க. பையை மேல வச்சிருங்க."

அல்லது, "பின்னால ஒண்ணு வருது தம்பி, அதுல வாங்க." பின்னால் ஒன்று வரும் என்றால் உண்மையாகவே வரும். மனம் தளர வேண்டாம். இங்கே முன்பின் தெரியாதவரையும் அண்ணாச்சி என்றே கூப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பாபநாசம் பஸ்ஸும் மேற்கேதான் போகிறது என்று அதில் ஏறிவிடாதீர்கள். அது சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போகிற வேறு சாலை. போர்டில் ஆலங்குளம் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. வெளியூரிலிருந்து வரும் மாணவிகள் சிலர் இது உள்ளூர்ப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துக் காசை நீட்டுவார்கள். அப்படி எதுவும் இல்லை. ஆனால் தென்காசி போகும் புறநகர்ப் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டு.

சுருட்டிய போஸ்டரோடு பஸ்ஸில் வர முடியுமா?

முடியும். நின்றுகொண்டு வந்தால் போஸ்டரைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேலே கம்பிக்கு நடுவே படுக்க வைத்தால், அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவரின் வாழைத்தார் அதன் மேல் உட்காரும். என் ஜூனியர் ஒருத்தியின் போஸ்டரில் நடுவில் இருந்த வரைபடம் அப்படித்தான் மடிந்து போனது. பரிசு என்னவோ அவளுக்குத்தான் கிடைத்தது.

ரயிலில் வந்தால்? தென்காசி ரயில் பல்கலைக்கழகம் வழியாகப் போகாதா?

போகாது. வரைபடத்தைப் பார்த்துப் பலர் ஏமாறும் இடம் இது. திருநெல்வேலி–தென்காசி ரயில் பாதையில் பேட்டை என்று ஒரு நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்ததும், "அங்கே இறங்கினால் பக்கம்தானே?" என்று தோன்றும். அந்தப் பாதை பேட்டைக்கு அப்புறம் தெற்கே சாய்ந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று சுற்றிப் போகிறது. யூனிவர்சிட்டி இருப்பதோ ஆலங்குளம் ரோட்டில். பேட்டை நிலையத்தில் இறங்கி ஆட்டோ தேடுவதைவிட ஜங்ஷனில் இறங்கி பஸ் பிடிப்பது எளிது. ரயில் நிலையத்திலிருந்து ஜங்ஷன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே போய்விடலாம்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான் பழைய நம்பிக்கை. ராத்திரி ஏறினால் காலையில் ஊர். குளித்துச் சாப்பிட்டு, தொடக்க விழாவுக்கு வந்துவிடலாம். வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. வேகம்தான், ஆனால் மதியம் எழும்பூரில் கிளம்பி ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் இங்கே வரும். அதில் வருவதாக இருந்தால் ஜங்ஷனிலேயே அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் தென்காசி ரோட்டுக்குப் பஸ் பார்த்து நிற்க வேண்டாம்.

கன்னியாகுமரி, அனந்தபுரி, குருவாயூர் எக்ஸ்பிரஸ்களும் இந்த ஊர் வழியாகப் போகின்றன. தூங்கிவிட்டால் நாகர்கோவிலில்தான் கண் விழிப்பீர்கள். அலாரம் வையுங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரலாமா?

வரலாம். இப்போது தெற்கே போகும் பஸ்கள் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன, கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். மதுரையிலிருந்து வருபவர்களுக்கு மாட்டுத்தாவணி.

ஒன்றை மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி ஊருக்குள் வருமா, பைபாஸிலேயே போய்விடுமா? நாகர்கோவில், திருவனந்தபுரம் போகும் பஸ்கள் சில ராத்திரியில் ஊருக்குள் நுழையாது. நாற்கரச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். திருச்சியிலிருந்து வந்த ஒரு அம்மாவை அப்படித்தான் விடிகாலை நாலேகாலுக்குக் கே.டி.சி. நகர் பக்கம் இறக்கிவிட்டார்கள். டிக்கெட்டில் "திருநெல்வேலி" என்றுதான் இருந்தது. "தம்பி, ஒரு மேம்பாலம் இருக்கு, ஒரு நாய் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று போனில் சொன்னார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், பால்காரர் ஒருவர் அவருக்குத் துணையாக வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் பதில் இதுதான்: திருநெல்வேலியோடு முடிகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள்.

கேரளத்திலிருந்து வருகிறோம். நெல்லைக்கு வந்துதான் வர வேண்டுமா?

ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகச் சாலையில் வந்தால் வேண்டாம். தென்காசியில் பஸ் மாறி, ஆலங்குளம் வழி நெல்லை போகும் வண்டியில் ஏறுங்கள். நெல்லைக்கு முன்பாகவே யூனிவர்சிட்டி வந்துவிடும். தென்காசியிலிருந்து 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

பாலருவி எக்ஸ்பிரஸில் வந்தால் வேறு கதை. அது புனலூர் வழியாகக் கணவாய் இறங்கி, நடுச்சாமத்துக்கு மேல் தென்காசிக்கு வரும். அங்கே இறங்கிக் கொட்டாவி விடுவதைவிட, இன்னும் கொஞ்சம் தூங்கி விடிகாலையில் திருநெல்வேலியில் இறங்குவது உத்தமம். திருவனந்தபுரத்துக்காரர்கள் நாகர்கோவில் வழியாக வந்தால் போதும்.

காரில் வருவதானால்?

மதுரைப் பக்கமிருந்து வந்தால் நாற்கரச் சாலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு. தாழையூத்தில் பைபாஸை விட்டு ஊர்ப் பக்கம் திரும்பி, தச்சநல்லூர், ஜங்ஷன், டவுன், பேட்டை. கயத்தாற்றில் கட்டபொம்மன் மணிமண்டபம் ரோட்டோரமே இருக்கிறது. 1799-இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர் அது. கால் நீட்டிக்கொள்ள நல்ல இடம்.

நாகர்கோவிலிலிருந்து நாங்குநேரி வழியாகவும், தூத்துக்குடியிலிருந்து வல்லநாடு வழியாகவும் வருபவர்கள் பாளைப் பக்கம் நுழைவார்கள். இருவருக்கும் ஊரைக் குறுக்கே கடக்கும் வேலை உண்டு. காலை எட்டரையிலிருந்து பத்து வரை பள்ளிக்கூட வண்டிகள், வண்ணார்பேட்டையில் நெரிசல், டவுனுக்குள் கேட்கவே வேண்டாம். அதற்காக முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டை தாண்டிவிட்டால் தென்காசி ரோடு அகலமானது, கால் மணி நேரம்கூட ஆகாது.

போன் மேப்பை ஒரு எல்லை வரைதான் நம்பலாம். ஊருக்குள் நெரிசல் என்று தெரிந்ததும் அது ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கும். ஒருமுறை சிறப்புப் பேச்சாளரைக் காரில் அழைத்து வந்தோம். மேப் காட்டிய வழியில் போனால் தார் ரோடு சிமெண்டு ரோடாகி, சிமெண்டு ரோடு மண் ரோடாகி, கடைசியில் குளத்தங்கரையில் முடிந்தது. கரைக்கு அந்தப் பக்கம் எங்கோ கட்டடங்கள் தெரிந்தன. நடுவில் தண்ணீர், அதில் எருமைகள். டிரைவர் இறங்கி நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யூனிவர்சிட்டிக்குப் போற வழிதான் சார், எருமைக்கு" என்றார். பின்னோக்கியே அரைக் கிலோமீட்டர் வந்தோம். பேட்டை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

விமானத்தில் வந்தால்?

பக்கத்தில் இருப்பது தூத்துக்குடி விமான நிலையம், வாகைக்குளத்தில். அங்கிருந்து நெல்லை சுமார் 30 கிலோமீட்டர், பிறகு ஊரைக் கடந்து பல்கலைக்கழகம். மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ என்றால் கார் பயணமே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

அழைப்பிதழில் வேறு இடம் போட்டிருக்கிறதே?

நன்றாகப் பாருங்கள். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு அபிஷேகப்பட்டியில் மட்டும் இடம் இல்லை. சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. கடல்சார் அறிவியல் மையம் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில். ஆழ்வார்குறிச்சிக்கு என்றால் மேலே நான் வேண்டாம் என்று சொன்ன அதே ரயில்தான் சரியான ரயில், அங்கே நிலையமே உண்டு. ராஜாக்கமங்கலத்துக்கு நாகர்கோவிலில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் திருநெல்வேலிக்கு வந்து நிற்பது வீண்.

இது தவிர, அண்ணா பல்கலைக்கழகத்தின் வட்டார வளாகமும் திருநெல்வேலியில்தான் இருக்கிறது, அது பாளைப் பக்கம். ஆட்டோவில் ஏறி வெறுமனே "யூனிவர்சிட்டி" என்றால் பெரும்பாலும் எம்.எஸ்.ஸுக்குத்தான் வருவார்கள். ஆனாலும் பாளையில் ஏறினால் "எம்.எஸ்." என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஊருக்கு வெளியே என்பதால் திரும்பி வரும் சவாரி கிடைக்காது என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. மூன்று பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். போனில் கூப்பிடும் வண்டிகள் வருவதற்குக் கிடைத்தாலும், சாயங்காலம் வளாகத்திலிருந்து திரும்புவதற்குக் கிடைப்பது கஷ்டம். வந்த ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. நடக்கச் சிரமப்படுபவர்கள் முன்கூட்டியே துறைக்குச் சொல்லிவிட்டால் வண்டி கட்டடம் வரை வர ஏற்பாடு செய்வார்கள்.

எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். சனி, ஞாயிறு காலையில் தென்காசி பஸ்களில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் கூட்டம் ஏறும். உட்கார இடம் கிடைக்காது. 12 கிலோமீட்டருக்கு ஏறுகிறவரைக் கண்டக்டர் கொஞ்சம் முறைப்பார். டவுன் பஸ்ஸே நல்லது.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேர். தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி போகாது, பஸ்கள் சுற்றிப் போகும். அன்று கருத்தரங்கம் வைத்தால் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் டிசம்பர். வடகிழக்குப் பருவமழை இங்கே சில சமயம் விளையாட்டாக இருப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. ரயில், பஸ் எதுவும் ஓடவில்லை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எல்லா வருஷமும் அப்படி இல்லை. ஆனால் சிவப்பு எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

வளாகத்துக்குள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

வாசலிலிருந்து துறையைப் பொறுத்து ஐந்து நிமிஷமும் ஆகலாம், இருபது நிமிஷமும் ஆகலாம். பெரிய வளாகம், பொட்டல் காடு. வெயில் காலத்தில் குடையோ தொப்பியோ வேண்டும். வேப்ப மர நிழலில் கார் நிறுத்த வேண்டுமானால் ஒன்பது மணிக்கு முன் வாருங்கள், அதற்கு மேல் வருபவர்களின் காருக்கு வெயில்தான். மயில்கள் நடுரோட்டில் நிற்கும், ஹாரன் அடித்தாலும் அவசரப்படாது.

நேரத்துக்கு வந்தால் ஒரு நல்ல விஷயம் உண்டு. கருத்தரங்கம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கும். "நீராருங் கடலுடுத்த" எழுதிய சுந்தரம் பிள்ளையின் பெயரில் அமைந்த பல்கலைக்கழகத்திலேயே நின்று அதைக் கேட்பது கொஞ்சம் தனிதான். பதிவு செய்யும் வரிசையில் நின்றபடிதான் பலரும் அதைக் கேட்கிறார்கள்.

திரும்பும்போது அல்வா வாங்க நேரம் இருக்குமா?

இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே. நாலரைக்கு முடிகிற கருத்தரங்கம் என்றால் பஸ்ஸில் டவுன் வந்து, வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு ஜங்ஷன் போக நேரம் சரியாக இருக்கும். ராத்திரி ரயில்காரர்களுக்குச் சிக்கல் இல்லை. ஐந்தரை மணி ரயில்காரர்கள் ஜங்ஷனிலேயே வேறு நல்ல கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பஸ் யூனிவர்சிட்டியில் நிற்காமல் போய்விட்டால்?

பதற வேண்டாம். எழுந்து விசில் அடிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். ரோட்டைக் கடந்து எதிர்ப் பக்கம் நின்றால் நெல்லை பஸ் வரும். நாலு வழிச் சாலை, இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும். நானே ஒருமுறை தூங்கிப்போய் ஆலங்குளத்தில் கண் விழித்தேன். நான் வரவேற்புக் குழுவில் இருந்த நாள் அது. காய்கறிக் கமிஷன் கடைப் பக்கம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று ஒரு டீ குடித்தேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. "தம்பி, யூனிவர்சிட்டி வாசல்ல நிக்கிறோம், நீங்க எங்க இருக்கீங்க?" என்றார்கள்.